அருள் என்னும் ஒரு சொல்: வரலாற்று நோக்கு

திருக்கோயில் அழைப்பிதழ்கள் எதனை எடுத்து நோக்கினும் அவற்றில் தவறாது இடம்பெறும் சொல் 'அருள்' என்பதாகும். 'அருள்மிகு' என்று தொடங்கி, 'அருள்பாலித்து வரும்' என்று வளர்ந்து, 'அனைவரும் வருகை புரிந்து திருவருள் பெற்றுய்ய வேண்டுகிறோம்' என்று நிறைவுறுவதே அழைப்பிதழ் மரபு. தேர்வு எழுதப் போகும் மாணவர் வேண்டுவதும் அருள்; புதுமனை புகும் குடும்பத்தார் வேண்டுவதும் அருள்; நோயுற்ற மகவைத் தோளில் சுமந்து கொடிமரத்தின் முன் நிற்கும் தாய் வேண்டுவதும் அருளே. இத்துணைப் பேர் இத்துணை நோக்குடன் வழங்கும் இச்சொல்லின் உண்மைப் பொருள் யாது?

இவ்வினாவிற்கு விடை காண இச்சொல் நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுக் காலமாகத் தமிழில் வழங்கிவரும் இச்சொல், தொடக்கத்தில் பெரிதும் மனிதர் மனிதர்க்குக் காட்டிய ஒரு பண்பைக் குறித்தது. காலப்போக்கில் அது இறைவன் உயிர்களுக்குக் காட்டும் பெருங்கருணையின் பெயராக உயர்ந்தது. எனினும், புதிய பொருள் வந்து சேர்ந்தபோது பழைய பொருள் விலகிவிடவில்லை. இதுவே இச்சொல்லின் வரலாற்றில் கருதத்தக்க செய்தியாகும்.

சங்கப் பாடல்களில் அருள்

எட்டுத்தொகை நூல்களில் 'அருள்' என்னும் சொல் கோயிலைவிட இல்லத்திலும் அரசவையிலுமே மிகுதியாக ஒலிக்கக் காண்கிறோம். குறுந்தொகையின் 20ஆம் பாடலைப் பாடியவர் சோழ மன்னராகிய கோப்பெருஞ்சோழர். பொருள் தேடுவதற்காகத் துணைவியைப் பிரிந்து செல்ல முற்படுகிறான் ஒரு தலைவன். அருளையும் அன்பையும் கைவிட்டுப் பொருளின் பின்னே போவதுதான் அறிவுடைமை என்றால், அந்த அறிவு ஆடவர்க்கே இருக்கட்டும், பெண்டிராகிய தாங்கள் அறியாதவராகவே இருந்துவிடுகிறோம் என்னும் கருத்துப்படத் தலைவி அதில் பேசுகிறாள். இங்கே அருள் என்பது தன்னை நம்பியிருக்கும் உயிரைத் தவிக்க விடாத மென்மையைக் குறிக்கிறது. தெய்வம் பற்றிய பேச்சே அப்பாடலில் இல்லை.

புறநானூற்றின் 5ஆம் பாடல் அரசவைக்குரியது. நரிவெரூஉத்தலையார் என்னும் புலவர் சேர மன்னர் ஒருவரைக் கண்டு அறிவுரை கூறுகிறார். அருளும் அன்பும் அற்றவராய் நரகத்திற்குரியவராய்த் திரிவாரோடு சேர வேண்டா என்றும், குழந்தையை வளர்ப்பவர் அதனைக் காப்பது போல நாட்டைக் காக்க வேண்டும் என்றும் அவர் எடுத்துரைக்கிறார். வலிமை மிக்கவர் வலிமையற்றவரைப் பேணும் பண்பே ஈண்டு அருள் எனப்படுகிறது. தொல்காப்பியமும் மெய்ப்பாட்டியலில் எண்ணும் மெய்ப்பாடுகளுள் 'அருளல்' என்பதையும் ஒன்றாக வைத்துள்ளது.

இச்சொல் தெய்வத்தின் திருமுன் வந்து நிற்கும் அரியதோர் இடம் பரிபாடலில் உள்ளது. செவ்வேளாகிய முருகப் பெருமானைக் கடுவன் இளவெயினனார் பாடிய 5ஆம் பாடலின் இறுதியில் ஒரு வேண்டுகோள் அமைந்துள்ளது. பொருள் வேண்டும் என்றோ, பொன் வேண்டும் என்றோ, அவற்றால் நுகரும் இன்பம் வேண்டும் என்றோ அடியார் கேட்கவில்லை. அவர் இரந்து நின்றவை மூன்று: அருள், அன்பு, அறம். இவ்வேண்டுதல் ஆழ்ந்து நோக்குதற்குரியது. இங்கே அருளின் வாயிலாகப் பெறக்கூடிய பிறிதொன்று கேட்கப்படவில்லை. அருளே கேட்கப்படுகிறது. அதுவும் அன்போடும் அறத்தோடும் சேர்த்துக் கேட்கப்படுகிறது. அன்பும் அறமும் மனிதர் கைக்கொண்டு ஒழுக வேண்டியவை. அவற்றோடு சேர்த்து எண்ணப்படுவதால், கிடைத்த பின்னர்ப் பிறரிடத்தில் காட்ட வேண்டியதாகவும் அருள் கருதப்பட்டது என்று கொள்ள இடமுண்டு.

வள்ளுவர் வகுத்த நெறி

அன்பு வேறு, அருள் வேறு என்று தெளிவாக வரையறுத்துக் காட்டிய பெருமை திருவள்ளுவரைச் சாரும். 'அன்புடைமை' திருக்குறளின் 8ஆம் அதிகாரம். அஃது இல்லறவியலில் உள்ளது. 'அருளுடைமை' 25ஆம் அதிகாரம். அது துறவறவியலின் முதலில் உள்ளது. இவ்வைப்பு முறைக்கு உரையாசிரியர் பரிமேலழகர் காரணம் காட்டுவார். தொடர்புடையாரிடத்துச் செல்வது அன்பு. எவ்விதத் தொடர்பும் நோக்காது எல்லா உயிர்களிடத்தும் இயல்பாகச் செல்லும் கருணை அருள். தன் பிள்ளை பசித்திருக்கக் கண்டு உருகுவது அன்பு. ஊர்பேர் தெரியாதவன் பிள்ளை பசித்திருக்கக் கண்டு உருகுவது அருள்.

பிறிதோரிடத்தில், பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில், அன்பைத் தாயாகவும் அருளை அத்தாய் ஈன்ற குழந்தையாகவும் செல்வத்தை அக்குழந்தையை வளர்க்கும் செவிலியாகவும் வள்ளுவர் உருவகம் செய்கிறார். இவ்வுருவகம் பொருளை இழித்துக் கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கையில் பொருளில்லாதவன் மனத்தில் எழும் அருள், வளர வழியின்றி வாடிவிடும். அதே வேளையில், செவிலி இருந்தும் குழந்தை இல்லாத வீடு போன்றது அருள் இல்லாதவனின் செல்வம். அருளுடைமையை அடுத்து வள்ளுவர் புலால் மறுத்தலை வைத்ததும் கருத்துடனேயாம். அருள் என்பது வாயில்லா உயிர்கள் வரை செல்ல வேண்டும் என்பது அவர் துணிபு.

இக்கருத்தைக் கதையாக விரித்துக் காட்டுவது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. அது பௌத்த சமயக் காப்பியம். ஆபுத்திரன் கையிலிருந்த அமுதசுரபி, பின்னர் மணிமேகலையின் கைக்கு வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அப்பாத்திரத்தைப் பெற்ற அவள், அதனைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் பசித்தோர் அனைவர்க்கும் உணவளிக்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித்தர வேண்டும் என்பதே அவள் சோழ மன்னனிடம் வைத்த வேண்டுகோள். தெய்வத்தன்மை வாய்ந்த ஒரு பேற்றைப் பெற்றவர் அதனைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தமிழ் இலக்கியம் காட்டும் முதற்பெரும் சான்று இக்காப்பியம் எனலாம்.

மருள் நீங்கி அருள் வந்த வரலாறு

நாயன்மார்களும் ஆழ்வார்களும் தோன்றிய பக்திக் காலத்தில் 'அருள்' என்னும் சொல் இறைவனுக்கே உரியதாயிற்று. அதன் ஆழத்தை உணர்த்தத் திருநாவுக்கரசர் வரலாறு ஒன்றே போதும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் அவ்வரலாற்றை விரிவாகக் கூறுகிறது. திருவாமூரில் தோன்றிய அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார் என்பதாகும். மருள் என்பது மயக்கம். மயக்கத்தை நீக்குபவர் என்னும் பெயரைப் பூண்ட அவரே தம் சமயம் விட்டுச் சமணம் சார்ந்தார். தம்பியை எண்ணி வருந்திய தமக்கையார் திலகவதியார் திருவதிகை வீரட்டானத்து இறைவனிடம் முறையிட்டார். இறைவன் அவர் கனவில் தோன்றி, சூலை நோய் தந்து அவரை ஆட்கொள்வதாக உணர்த்தினார் என்பது புராணம்.

ஈண்டுச் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. தமக்கையார் வேண்டியது அருள். தம்பிக்கு வந்ததோ தாங்கொணா வயிற்று வலி. எவ்வகை மருத்துவமும் பயன்படாத நிலையில் மருணீக்கியார் தமக்கையாரிடம் மீண்டார், திருநீறு பெற்றார், திருவதிகைப் பெருமான் முன் பாடினார், நோய் நீங்கியது, நாவுக்கரசர் என்னும் பெயரும் பெற்றார். நோய் நீங்கியதை மட்டும் அருள் என்று சைவம் கூறவில்லை. நோய் வந்ததையும் அருள் என்றே கூறுகிறது. பிற்காலச் சைவ சான்றோர் இதனை அறக்கருணை, மறக்கருணை என இரண்டாகப் பகுத்தனர். இனிய முகத்தோடு தாய் பாலூட்டுவது அறக்கருணை. கசப்பு மருந்தைக் குழந்தையின் வாயைத் திறந்து புகட்டுவது மறக்கருணை. இரண்டும் ஒரே தாயின் செயல்கள்.

மாணிக்கவாசகர் மேலும் ஒருபடி சென்றார். இறைவனை வணங்குவதும் வணங்குபவனுடைய தனி முயற்சியன்று. அவ்வணக்கத்தைக் கூட இறைவனே தந்தால்தான் உண்டு என்பது அவர் கொள்கை. பக்தன் கொடுக்க, இறைவன் வாங்கிக்கொண்டு பதிலுக்கு அருளைத் தருவான் என்னும் பண்டமாற்று எண்ணத்திற்கு இக்கொள்கையில் இடமே இல்லை.

எழுந்தருளல்

தமிழர் இச்சொல்லை நூல்களில் மட்டும் வைத்துப் போற்றவில்லை. பேச்சின் இலக்கணத்திலேயே பதித்து வைத்தனர். மனிதர் எழுந்து வருவர், இறைவன் எழுந்தருளுவான். மனிதர் உண்பர், இறைவன் அமுது செய்தருளுவான். மனிதர் பாடல் இயற்றுவர், அடியார் பாடியருளுவர். இறைவனுடைய எச்செயலும் தனக்கென்று நிகழாது, உயிர்களுக்காகவே நிகழ்கிறது என்னும் பெரிய தத்துவம், 'அருள்' என்னும் சொல்லைத் துணைவினையாகச் சேர்த்ததனால் எளிதாக உணர்த்தப்பட்டது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்வழக்கு நிறைந்து காணப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தாமும் தம் தமக்கையாரும் பிறரும் அளித்த கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு மன்னர் இட்ட ஆணையைக் குறிப்பிடுகிறது. அவ்வாணையும் அருளல் என்னும் சொல் சேர்த்தே கூறப்படுகிறது. செப்புத் திருமேனிகளைச் செய்து நிறுவியதை, எழுந்தருளுவித்தார்கள் என்று அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. வைணவ மரபில் ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களுக்கும் 'அருளிச்செயல்' என்பதே பெயர். இன்றும் உற்சவ மூர்த்தி பல்லக்கிலோ தேரிலோ வெளியே வரும்போது, சுவாமி புறப்பட்டார் என்று கூறாமல் எழுந்தருளினார் என்றே கூறுகிறோம். கருவறைக்குச் சென்று காண இயலாத முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும், தெருவில் நிற்பார்க்கும் காட்சி தருவதற்காக இறைவனே வெளியே வருவதால் அச்சொல் அங்கே முழுமையாகப் பொருந்துகிறது.

மறைத்தலும் அருளே

13, 14ஆம் நூற்றாண்டுகளில் மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞானசம்பந்தர், உமாபதி சிவாசாரியார் ஆகிய சந்தானாசாரியர் நால்வரும் சைவ சித்தாந்த நெறியை வளர்த்தனர். அவர்கள் போற்றிய கொள்கைப்படி இறைவன் செய்யும் தொழில்கள் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நடராசப் பெருமானின் திருவுருவில் இவ்வைந்தும் காணக் கிடக்கின்றன. உடுக்கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ ஏந்திய கை அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்று உண்மை விளக்கம் என்னும் நூல் விளக்குகிறது.

இவற்றுள் மறைத்தல் என்பது அடியார் பலர்க்கும் விளங்காத ஒன்று. அருளே வடிவான இறைவன் தன்னை ஏன் மறைத்துக்கொள்ள வேண்டும்? கண் நோயுற்றவன் திடீரெனப் பேரொளியைக் கண்டால் கண் மேலும் கெடும். அதனால் மருத்துவர் முதலில் கண்ணைக் கட்டி வைக்கிறார். நோய் தணியத் தணியக் கட்டுச் சிறிது சிறிதாக அவிழ்க்கப்படுகிறது. ஆணவ மலத்தால் மறைப்புண்ட உயிர் பக்குவம் அடையும் வரை இறைவன் மறைந்து நிற்பதும் அத்தகையதே. ஆதலின் மறைத்தலும் அருளின்பாற்படும் என்பது சித்தாந்தத் துணிபு. உயிரின் பக்குவத்திற்கு ஏற்பத் திருவருள் பதிவதைச் 'சத்திநிபாதம்' என்பர்.

அருளின் பெயராலேயே ஒரு தனி நூல் செய்தவர் உமாபதி சிவாசாரியார். அவர் இயற்றிய சங்கற்ப நிராகரணம் 1313ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவருடைய 'திருவருட்பயன்' பத்து அதிகாரங்களில் நூறு குறட்பாக்களைக் கொண்டது. அதில் ஒரு கருத்து எண்ணி எண்ணி இன்புறத்தக்கது. பாற்கடலில் வாழும் மீன், தன்னைச் சூழ்ந்திருக்கும் பாலைப் பருகாது சிற்றுயிர்களைத் தேடி அலைகிறது. அருட்கடலுள் வாழும் உயிர்களும் அவ்வாறே வேறெதையோ தேடி அலைகின்றன என்பது அக்கருத்து. ஆகவே அருள் எங்கோ இருந்து வர வேண்டியதன்று. அஃது ஏற்கெனவே சூழ்ந்து நிற்கிறது. உயிர் அதனை உணர்வதில்தான் தாமதம் நேர்கிறது.

உமாபதி சிவாசாரியாரைப் பற்றிய மரபு வரலாறு ஒன்றும் இங்கே நினைவுகூரத்தக்கது. தில்லையில் விறகு சுமந்து கொடுத்து வந்த பெற்றான் சாம்பான் என்பவர் குலத்தால் தாழ்ந்தவராகக் கருதப்பட்டவர். அவருக்குத் தீக்கை செய்து முத்தி கொடுக்குமாறு எழுதிய திருமுகம் ஒன்று உமாபதியாருக்கு வந்தது. அதனை எழுதியவன் தில்லைக் கூத்தனே என்பர். உமாபதியாரும் தயங்காது அருட்கண்ணால் நோக்கித் தீக்கை அளித்தார். பெற்றான் சாம்பான் ஒளியிற் கலந்தார் என்பது அம்மரபு. அருளின் முன் குலம் இல்லை என்பதனை இதனினும் தெளிவாக எவ்வாறு கூறுவது?

குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

இறைவன் அருள உயிர் ஏதேனும் முயற்சி செய்தல் வேண்டுமா, வேண்டாவா? வைணவ ஆசாரியர்களிடையே இவ்வினா நீண்டதொரு சொற்போராக நடந்தது. வடகலையார் குரங்குக் குட்டியை எடுத்துக்காட்டினர். தாய்க் குரங்கு மரத்துக்கு மரம் தாவும்போது குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஆதலால் உயிரின் பங்காகச் சிறிதேனும் பற்றுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தென்கலையார் பூனைக் குட்டியைக் காட்டினர். தாய்ப் பூனை தானே குட்டியைக் கவ்வி எடுத்துச் செல்லும். குட்டி ஒன்றும் செய்வதில்லை. ஆதலால் இறைவன் அருளுக்குக் காரணம் வேண்டுவதில்லை என்பது இவர் கொள்கை. இவ்வாறு காரணமின்றி வரும் அருளை 'நிர்ஹேதுக கிருபை' என்பர்.

வடகலை ஆசாரியராகிய வேதாந்த தேசிகர், திருவேங்கடமுடையானின் தயையையே ஒரு தேவியாக எண்ணித் 'தயா சதகம்' என்னும் வடமொழி நூலைச் செய்தார். இரு கலையாரும் வாதிட்டது வழி பற்றியே. குட்டி எதுவாயினும் அதனைச் சுமந்து செல்வது தாய்தான் என்பதில் இருவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வடமொழியில் அருளைக் குறிக்கும் சொற்கள் பல. கிருபை, தயை, கருணை, அனுக்கிரகம், பிரசாதம் என்பன அவற்றுட் சில. பிரசாதம் என்னும் சொல்லுக்குத் தெளிவு என்பதும் அருள் என்பதும் பழைய பொருள்கள். பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் அருள் என்னும் பொருளிலேயே அச்சொல் வருகிறது. கோயிலில் இலையில் வைத்து வழங்கப்படும் சர்க்கரைப் பொங்கலுக்கு அப்பெயர் வந்ததும் அதனாலேயே. கையில் வாங்கும் ஒரு பிடி அன்னத்திற்கு, வேதாந்த நூல்கள் இறைவனின் கருணைக்கு வழங்கும் அதே பெயர் வாய்த்திருக்கிறது. அதனைச் சிந்தாமலும் எறியாமலும், அருகில் நிற்பவருக்குப் பகிர்ந்து உண்ணும் வழக்கம் அப்பெயருக்கு ஏற்ற மரியாதையாகும்.

தமிழ் பேசும் பிற சமயத்தாரும் இச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டனர். கத்தோலிக்கர் தம் குருமாரை அருட்தந்தை என்கின்றனர். 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த போர்த்துக்கீசியத் துறவி ஜான் தெ பிரிட்டோ, அருளானந்தர் என்றே தமிழில் அறியப்படுகிறார். இசுலாமியத் தமிழரும் இறைவனை அருளாளன் என்று போற்றுகின்றனர். பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் மலேசிய, சிங்கப்பூர் மண்ணில் இவ்வொற்றுமை எண்ணி மகிழத்தக்கது.

அருட்பா பற்றிய வழக்கு

ஒரு சொல்லின் பொருட்டு 19ஆம் நூற்றாண்டில் தமிழ்ச் சைவ உலகம் இரண்டுபட்ட வரலாறு ஒன்று உண்டு. இராமலிங்க அடிகள் (1823 – 1874) பாடிய பாடல்களை அவர்தம் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுக்க, 1867இல் அவை 'திருவருட்பா' என்னும் பெயரில் வெளிவந்தன. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822 – 1879) இதனை மறுத்து எழுந்தார். அருட்பா என்னும் பெயர் தேவாரம், திருவாசகம் முதலாகக் கோயில்களில் ஓதப்பெறும் திருமுறைகளுக்கே உரியது. வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் பாடல்களுக்கு அதனைச் சூட்டல் தகாது என்பது அவர் வாதம். பூசல் வளர்ந்து 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், அவர்தம் வழி வந்தோரிடையே அருட்பா, மருட்பா என்னும் கண்டனப் போர் ஓயவில்லை.

இரு பெரியோரின் நோக்கத்திலும் குறை காண்பதற்கில்லை. சைவ நூல்களைப் பிழையின்றி அச்சேற்றியும் பள்ளிகள் நிறுவியும் பணியாற்றிய நாவலர், திருமுறைகளின் தனித்தன்மை குன்றிவிடக் கூடாதே என்று அஞ்சினார். அடிகளோ, தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்றும், அவ்வாறு வழங்க வேண்டா என்றும் அன்பருக்குக் கடிதம் எழுதியவர். பெயருக்காகப் போராடும் இயல்பினர் அல்லர் அவர். அருள் என்பது முன்னொரு காலத்தில் வாழ்ந்த சிலருக்கு மட்டும் கிடைத்து நிறைவுற்ற ஒன்றா, இன்றும் என்றும் இறங்கிக்கொண்டிருக்கும் ஒன்றா என்பதே அவ்வழக்கின் உள்ளீடு எனலாம்.

அடிகள் இதற்குச் சொல்லால் விடை கூறியதினும் செயலால் கூறிய விடை பெரிது. அதே 1867ஆம் ஆண்டில், மே மாதம் 23ஆம் நாள், வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம் கேளாது பசித்தவர் யாவர்க்கும் அங்கே உணவளிக்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு அணையா அடுப்பாக இன்றும் போற்றப்படுகிறது. இறைவனின் அருளைப் பெறுவதற்குச் சீவகாருணியமே வழி என்பது அவர் போதனை. பிற உயிரின் துன்பம் கண்டு உருகும் உள்ளத்தில் அல்லாது வேறெங்கும் இறையருள் விளங்காது என அவர் உறுதியாகக் கூறினார். கோப்பெருஞ்சோழர் பாடலில் இல்லத்தில் ஒலித்த அருளும், வள்ளுவர் துறவிக்கு வகுத்த அருளும், சித்தாந்தம் கண்ட திருவருளும் வடலூர் அடுப்பங்கரையில் ஒன்றாயின.

கடல் கடந்த அருள்

மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழர் தம்மோடு இச்சொல்லையும் கொண்டுவந்தனர். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இலும், டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் 1859இலும், கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில் 1873இலும் தோன்றின. இரப்பர்த் தோட்டங்களில் எழுந்த கோயில்களுக்குக் கணக்கில்லை. காடு வெட்டியும் பால் மரம் சீவியும் உழைத்த மக்கள், லயத்து வீடுகளுக்கு அருகே ஒரு மரத்தடியில் அம்மனையோ முனீசுவரரையோ நிறுவி வழிபட்டனர்.

அவர்கள் நாவில் அருள் என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. உடுக்கையும் பம்பையும் ஒலிக்க ஒருவர்மேல் தெய்வம் இறங்குவதை 'அருள் வந்தது' என்றனர். அவர் வாய்மொழியை 'அருள்வாக்கு' என்றனர். இவ்வழக்கைக் கற்றவர் சிலர் மருள் என்று ஒதுக்குவர். ஆயினும் வேலன் வெறியாடுவதைச் சங்கப் பாடல்களே கூறுகின்றன. எனவே இதன் வேர் பழமையானது. வைத்தியரும் வழக்கறிஞரும் எட்டாத தொலைவில் வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு, தங்கள் துன்பத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒரு குரலாகவும் அஃது இருந்தது. அக்குரலின் பெயரால் ஆதாயம் தேடுவோர் தோன்றும்போதுதான் அருள் மருளாகிறது.

தைப்பூசத் திருநாளில் பத்துமலையிலும், பினாங்கிலும், சிங்கப்பூரிலும் அடியார்கள் பால்குடமும் காவடியும் சுமந்து செல்கின்றனர். அதே தைப்பூச நாளில் வடலூர்ச் சத்திய ஞானசபையில் ஏழு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீக்கப்பட்டுச் சோதி தரிசனம் காட்டப்படுகிறது. 1872இல் இராமலிங்க அடிகள் தொடங்கிய வழிபாடு அது. திரை மறைத்தலைக் காட்டுகிறது; திரை நீங்கத் தோன்றும் ஒளி அருளலைக் காட்டுகிறது. காவடி சுமப்பவர் படியேறும் ஒவ்வோர் அடியிலும் அவருள் நிகழ வேண்டுவதும் அத்திரை நீக்கமே.

இத்திருநாள்களில் கவனிப்பாரற்ற காட்சி ஒன்றும் உண்டு. காவடி எடுப்பவர் பின்னே நீர்க்குடுவையுடன் நடந்துவருபவர், வழியோரப் பந்தலில் விடியும்வரை நின்று மோர் வழங்குபவர், அன்னதானக் கூடத்தில் பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவுபவர் எனப் பலர் உளர். அவர்களுள் பலர் அன்று கருவறை முன் நின்று ஒரு கணம் கூடத் தரிசனம் செய்ய இயலாதவர்கள். முன்பின் அறியாதவரின் களைப்பையும் தாகத்தையும் தம்முடையனவாக எண்ணிப் பணிபுரியும் அவர்களிடத்தில், பரிமேலழகர் வரையறுத்த அருள் எழுத்துக்கு எழுத்து விளங்குகிறது.

நிறைவு

இதுகாறும் கண்டவற்றால் அருள் என்னும் சொல்லின் பொருள்கள் பலவாகத் தோன்றினும் அவை ஒரு சரட்டில் கோத்த மணிகளே என்பது புலனாகும். காதலன் தன்னை நம்பியவளைக் கைவிடாமை, அரசன் எளியோரைக் காத்தல், துறவி எவ்வுயிர்க்கும் இரங்குதல், இறைவன் நோயாலும் மருந்தாலும் மறைந்தும் வெளிப்பட்டும் உயிர்களை ஆட்கொள்ளல் ஆகிய அனைத்திலும் வலியவரின் உள்ளம் எளியவரை நோக்கி இறங்கி வருவதே காணப்படுகிறது.

ஆகவே சந்நிதியில் நின்று அருளை வேண்டுபவர், அதனை வெளியே கொண்டுசெல்ல வேண்டிய கடமையையும் சேர்த்தே வேண்டுகிறார். இறைவனிடமிருந்து பெற்றது, வாயிற்படி தாண்டியதும் பசித்தவரிடத்தும் தனித்து வாழும் முதியவரிடத்தும் வழி தவறிய இளைஞரிடத்தும் செல்லுமானால், அது பெறப்பட்டது உண்மை. செல்லாது நின்றுவிடுமானால், பாற்கடல் மீனின் நிலையே வாய்க்கும். செவ்வேளின் திருமுன் நின்று அருளும் அன்பும் அறனும் வேண்டிய அப்பழம் புலவரின் வேண்டுதல், இவ்விழாவிற்கு வருகை தரும் அடியார் அனைவரின் வேண்டுதலாகவும் அமைவதாக.

திருவருள் முன்னிற்க!